பிழை யாருடையது? - பழைய கமரா ஒன்றைத் தெரிவுசெய்வது பற்றி

1

போன மாரியில் எங்கள் அறைக்கு வந்த நண்பர் ஒருவர், கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய எனது கமராவைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, "கோப்பை கழுவுற காசில உமக்கேன் காணும் இந்தப் பணக்காரப் பழக்கம்?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தனது ரெலிபோனை எடுத்து, நான் சோறு போட்டுக்கொண்டு நின்றதை இரண்டு படம் பிடித்து, "இஞ்சை பாரும், அலுவல் முடிஞ்சுது" என்று காட்டினார். படம் நன்றாகவே இருந்தது. அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அவர் போன பிறகும் கேள்வி போகவில்லை. கணக்குப் பார்த்தேன். ஒரு ரோல் பிலிமின் விலையையும், அதைக் கடையில் கொடுத்துக் கழுவுவிக்கும் கூலியையும் கூட்டினால் எனது இரண்டு மணிநேரச் சம்பளம் அளவில் வருகிறது. ஒரு ரோலில் பன்னிரண்டு படங்கள். ஆகவே ஒரு படத்துக்காக நான் பத்து நிமிடம் பாத்திரம் கழுவவேண்டும்.

பத்து நிமிடப் பாத்திரத்துக்கு ஒரு படம் என்று வாழ்கிறவன் எந்தக் கமராவை வாங்கவேண்டும்? நண்பரின் கேள்வியை நான் இப்படி மாற்றிக்கொண்டேன். கடைக் கேள்வி போலத் தோன்றினாலும் இது கலை பற்றிய கேள்விதான் என்பது எனது அபிப்பிராயம். யாரைப் பார்க்கப்போகிறோம், எவ்வளவு நேரம் பார்க்கப்போகிறோம், எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கப்போகிறோம் என்பதெல்லாம் கருவியைத் தெரிவுசெய்யும்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

நான் புகைப்படக்காரன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2010 இல் வெளிக்கிட்டு, 2011 இலிருந்து பாரிஸில் ரெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்பவன். பழைய கமரா வாங்குவது பற்றி எழுதப்பட்டவற்றை நாலைந்து வருடமாக ஆங்கிலத்திலும், தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சிலும் வாசித்து வருகிறேன். அவற்றில் எல்லோரும் பாவிக்கும் சொல் ஒன்று உண்டு: 'எளிமை'. பிளாஸ்ரிக் விளையாட்டுக் கமராவும் எளிமை. எனது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய சுவீடன் நாட்டுக் கமராவும் எளிமை. ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது என்றால் அந்தச் சொல்லில் ஏதோ கோளாறு இருக்கிறது.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. பரிசோதனை பிழைக்கலாம். ஆனால் வழு எங்கிருந்து வந்தது - கருவியிலிருந்தா, வாசித்தவரிலிருந்தா, சூழலிலிருந்தா - என்று எழுதாத அறிக்கைக்குப் புள்ளி இல்லை. கமராவின் எளிமைக்கும் இதையே நான் அளவுகோலாக வைக்கிறேன். படம் பிழைத்தால், பிழை யாருடையது என்று எனக்குத் தெரியவேண்டும். அப்படித் தெரியவிடுகிற கமராதான் எளிய கமரா.

2

நான் சொல்வது நடுத்தர அளவுக் கமராக்கள் பற்றி. ஆங்கிலத்தில் 'மீடியம் போர்மற்' என்பார்கள். 1901 இல் கொடாக் நிறுவனம் தனது இரண்டாம் இலக்க பிரௌனிப் பெட்டிக் கமராவுக்காக 120 என்ற பிலிமைக் கொண்டுவந்தது. அகலம் ஆறு சென்ரிமீற்றர் சொச்சம். கறுப்புக் கடதாசியோடு சேர்த்துச் சுற்றியிருக்கும். கடதாசியின் முதுகில் இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கமராவின் பின்பக்கத்தில் ஒரு சிறு சிவப்பு ஜன்னல். அதற்குள்ளால் இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பிலிமைச் சுற்றவேண்டும். இரண்டு உலகயுத்தங்களையும் கடந்து அதே சுருள் இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செக் நாட்டிலும் செய்யப்படுகிறது. 1950களில் செய்த கமரா ஒன்றுக்கு இன்றைக்கும் கடையில் போய்ப் பிலிம் கேட்கலாம் என்பது சின்ன விடயமல்ல.

120 க்கு ஒரு தம்பி உண்டு. 1930களில் அதே கொடாக் கொண்டுவந்த 620. பிலிம் அதேதான், சுருளின் தண்டு மட்டும் மெல்லியது. 1995 இல் அது நிறுத்தப்பட்டது. சந்தையில் மலிவாகவும் அழகாகவும் கிடைக்கும் கமராக்களில் பல இந்த 620 க்கென்றே செய்யப்பட்டவை. இருட்டில் இருந்து பிலிமை ஒரு சுருளிலிருந்து மற்றச் சுருளுக்கு மாற்றிச் சுற்றப் பொறுமை இல்லாதவர்கள், கமராவின் வயிற்றைத் திறந்து பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது.

ஒரு 120 ரோலில் ஆறுக்கு ஒன்பது அளவில் எட்டுப் படங்கள், ஆறுக்கு ஆறு அளவில் பன்னிரண்டு, ஆறுக்கு நாலரை அளவில் பதினைந்து அல்லது பதினாறு. ஆறுக்கு ஆறு என்பது உண்மையில் ஏறத்தாழ 56 மி.மீ. சதுரம். எங்கள் மாமாமார் வைத்திருந்த 35 மி.மீ. கமராவின் படம் 24 க்கு 36 மி.மீ. பரப்பளவில் சதுரம் அதைவிட மூன்றரை மடங்குக்கு மேல். 20 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு படத்தை அச்சிட, சதுர நெகற்றிவை மூன்றரை மடங்கு பெருப்பித்தால் போதும். மற்றதை எட்டு மடங்குக்கு மேல் பெருப்பிக்கவேண்டும். அதனால்தான் ஒரு சாதாரண மூன்றுவில்லைக் கமராவும் இந்த அளவில் நல்ல படம் தருகிறது.

இந்தத் தெளிவு எனக்கு ஏன் வேண்டும் என்று சொல்லாமல் மேலே போனால், நானும் பட்டியல் எழுதுகிறவர்களில் ஒருவனாகிவிடுவேன்.

3

1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. 1994 இல், எனக்கு ஆறு வயதில், அப்பா எங்களை ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரூடியோக்காரர் எங்களை உள்ளே நிறுத்தவில்லை. பின் விறாந்தையில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதற்கு முன்னால் நிறுத்தினார். அவரது கமராவுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கண்கள். அதை வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எங்களைப் படம் பிடிக்க வந்த மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் படத்தில் நான் மட்டும் சிரிக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனோம். 1996 இல் திரும்பி வந்தபோது அல்பம் இருந்த அலுமாரியே வீட்டில் இல்லை. அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் சந்தைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை.

அப்பாவின் அடையாள அட்டைப் படத்தை அம்மா மனுக்களோடு இணைத்து இணைத்து, பிரதியிலிருந்து பிரதி எடுத்து, கடைசியில் கண்ணும் மூக்கும் மூன்று கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன. அலுவலகங்களில் அதைப் பார்த்து யாரும் யாரையும் அடையாளம் கண்டிருக்க முடியாது. ஸ்ரூடியோப் படத்தின் ஒரு பிரதியை 1994 இலேயே பாரிஸ் மாமாவுக்குக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் இங்கே வந்து சேர்ந்த கிழமை மாமா அதை என்னிடம் தந்தார். உள்ளங்கை அகலப் படம். உருப்பெருக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. அம்மாவின் சேலைக் கரையில் ஒரு தையல் விட்டிருக்கிறது. மின்சாரமும் பற்றறியும் இல்லாத ஊரில், விறாந்தை வெளிச்சத்தில், ஒரு கிழட்டுக் கமரா இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிறது.

நான் கமராக்களை மதிப்பிடுவது இந்தப் படத்தை வைத்துத்தான். இது பக்கச்சார்பு என்றால், அப்படியே இருக்கட்டும்.

4

இனி விளையாட்டுக் கமராக்கள். 1960களில் ஹொங்கொங்கில் செய்யப்பட்ட டயானா, 1980களின் தொடக்கத்தில் அங்கேயே செய்யப்பட்ட ஹொல்கா - இரண்டும் 120 பிலிம் போடும் பிளாஸ்ரிக் கமராக்கள். ஹொல்கா சீனத்துச் சாதாரண குடும்பங்கள் மலிவாகப் படம் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்த நோக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. வில்லையும் பிளாஸ்ரிக் தான். மூலைகள் இருண்டுபோகும், ஓரங்கள் கலங்கும், இடுக்குகளால் வெளிச்சம் உள்ளே புகுந்து படத்தில் கோடு போடும். வாங்கியவர்கள் கறுப்பு ரேப் ஒட்டிப் பாவித்தார்கள்.

பிறகு ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் இந்தக் குறைகளையே அழகு என்று கண்டுபிடித்தார்கள். 1992 இல் வியன்னாவில் தொடங்கிய லொமோகிராபி இயக்கம், யோசிக்காமல் சுடு, வருவதை எடுத்துக்கொள் என்ற மனநிலையை உலகம் முழுக்கப் பரப்பியது. ஏழைகளின் கமராவின் பழுது, வசதியுள்ளவர்களின் 'தற்செயல்' ஆகி, அதற்கென்று ஒரு விலையும் வந்தது.

இதை முழுதாக நிராகரிக்க நான் விரும்பவில்லை. விறைத்துப்போன தொழில்நுட்பத் தூய்மைக்கு எதிரான ஒரு குறும்பு அதில் இருந்தது. ஆனால் படம் கெட்டுப்போவது ஒருவருக்கு விளையாட்டாக இருக்கவேண்டுமென்றால், அவரிடம் கெடாத படங்கள் வேண்டிய அளவு இருக்கவேண்டும். கலங்கிய முகத்தையும் கறை படிந்த ஓரத்தையும் நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அவற்றை எங்களுக்கு யாரும் காசுக்கு விற்கத் தேவையில்லை. எனது அளவுகோலின்படியும் இந்தக் கமரா தேறாது. படம் பிழைத்தால், வில்லையா, இடுக்கா, தூரமா, நானா என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் அங்கே கொள்கை.

மறுபக்கத்தில் மேட்டிமைக் கமரா. சுவீடனின் ஹசல்பிளாட் 1969 இல் சந்திரனுக்குப் போய் வந்தது. அதன் தரம் பற்றிச் சண்டைபிடிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டும் கமரா: வில்லை வேறு, உடல் வேறு, பிலிம் பெட்டி வேறு. வில்லையை உடலோடு பூட்டும் ஒழுங்கு தப்பினால் இறுகிப்போய் நிற்கும். நான் வாங்குவதென்றால் வாங்கிய பிறகு திருத்தக் காசிருக்காது. திருத்தக் காசில்லாதவனிடம் இருக்கும் விலையுயர்ந்த கமரா, படம் பிடிப்பதற்கல்ல, பயந்து பயந்து பெட்டியில் வைப்பதற்குத்தான். 1969 இல் வந்த பென்ராக்ஸ் 6x7 போன்ற பெரிய கமராக்களில் ஷற்றரை மின்சுற்றுத்தான் நடத்துகிறது. பற்றறி இல்லாமல் அது ஒரு கல். பற்றறிக்குத் தடை விதித்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இது பிடிக்காமல் போவதில் வியப்பில்லை.

5

மிச்சம் இரண்டு வகை: மடிப்புக் கமராவும், இரட்டைக்கண் கமராவும்.

மடிப்புக் கமரா எனக்குப் பிடித்த யோசனை. மூடினால் காற்சட்டைப் பையில் போடலாம், திறந்தால் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல வில்லை முன்னால் வரும். சைஸ் இக்கோனின் நெற்றார், அக்பாவின் இசோலெற் ஆகியவை 1950களில் ஜெர்மன் குடும்பங்களின் சுற்றுலாக் கமராக்கள். இன்றும் இவை மலிவு. நெற்றாரின் மலிவு மாதிரிகளில் ஷற்றருக்கு மூன்று வேகங்கள்தான்: 1/25, 1/75, 1/200. சாதாரண வெளிச்சத்துக்கு அது போதும். தூரத்தைக் கண்ணால் மதித்து வில்லை வளையத்தில் வைக்கவேண்டும்.

நான் முதலில் வாங்கியது இப்படியொரு கமராதான். எந்த நிறுவனத்தினுடையது, யார் விற்றது என்பது இங்கே வேண்டாம். முதல் ரோல் கழுவி வந்தபோது பன்னிரண்டு படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கமராவைத் திறந்து துருத்திக்குள் ரோர்ச் லைற்றைப் பிடித்தேன். மூலையில் ஊசித்துவாரம் ஒன்று நட்சத்திரம் போல மினுங்கியது. இரண்டு மணிநேரப் பாத்திரம் போனது. ஆனால் காரணம் கிடைத்தது. கறுப்புத் துணி நாடாவை ஒட்டி அடைத்தேன்.

இரண்டாம் ரோலில் புள்ளி இல்லை. ஆனால் அறைக்குள் எடுத்த முகங்கள் எல்லாம் மங்கல். இதற்குக் காரணம் தேட ரோர்ச் லைற் தேவைப்படவில்லை. 75 மி.மீ. வில்லையை 3.5 அல்லது 4.5 துவாரத்தில் திறந்துவிட்டு ஒன்றரை மீற்றர் தூரத்தில் ஒருவரை நிறுத்தினால், கூர்மையாக விழுவது ஒரு சாணுக்கும் குறைவான ஆழம்தான். வெளியில் வெயிலில் துவாரத்தை 11 க்குச் சுருக்கிவிட்டால் எனது கண்மதிப்பின் பிழைகளை வெளிச்சம் மன்னித்துவிடும். எனது வாழ்க்கை வெயிலில் இல்லை. குசினியின் ரியூப் லைற்றிலும், மாரிகால மத்தியானத்தின் சாம்பல் வெளிச்சத்திலும், ஒரு ஜன்னல் உள்ள அறையிலும் இருக்கிறது. வெளியில் நடந்து திரிந்து தெருவையும் மரத்தையும் பிடிக்கப்போகிறவர் தயங்காமல் மடிப்புக் கமரா வாங்கலாம். முகம் பிடிக்கப்போகிறவர் வாங்கக்கூடாது. மலிவு என்பதால் எல்லோருக்கும் இதையே சிபாரிசு செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

6

1929 இல் ஜெர்மனியின் பிறவுண்ஸ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே ஆகிய இருவரின் நிறுவனம் ரொலைபிளெக்ஸ் என்ற இரட்டைக்கண் கமராவை வெளியிட்டது. மேல் வில்லை நாம் பார்ப்பதற்கு, கீழ் வில்லை பிலிமுக்கு. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். மேல் வில்லையால் வரும் உரு ஒரு கண்ணாடியில் தெறித்து, மேலேயுள்ள தேய்த்த கண்ணாடியில் விழும். அங்கே கூர்மையாகத் தெரிந்தால் பிலிமிலும் கூர்மை. சாதாரண தரம் பௌதிகவியல் போதும் இதை விளங்கிக்கொள்ள.

உலகம் முழுக்க இதைப் பின்பற்றிச் செய்தார்கள். சோவியத் லெனின்கிராட்டின் லுபிற்றெல் 2, 1955 இல் வந்தது. மிக மலிவு. ஆனால் அதன் பார்க்கும் கண்ணாடியின் நடுவில் ஒரு சிறு வட்டத்தில் மட்டுமே கூர்மை பார்க்கலாம். மங்கிய வெளிச்சத்தில் அந்த வட்டம் கைவிடும். ஜப்பானின் யாஷிகா மாற் 124ஜி 1970 இல் வந்தது. நல்ல வில்லை. அதிலுள்ள வெளிச்சமானிக்குப் பாதரசப் பற்றறி வேண்டும், அது இப்போது விற்பனையில் இல்லை. ஆனால் மானி செத்தாலும் கமரா சாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே யாஷிகாவை மதிக்கலாம். ரொலைபிளெக்ஸ் சேகரிப்பவர்களின் கையில் போய் விலையேறிவிட்டது.

நான் கடைசியில் வாங்கியது ரொலைகோர்ட். ரொலைபிளெக்ஸ் வாங்க வசதியில்லாதவர்களுக்காக அதே நிறுவனம் 1933 இலிருந்து செய்த மலிவுப் பதிப்பு. எனது கமரா 1950களின் முற்பகுதியைச் சேர்ந்தது. சுழற்றும் கைபிடிக்குப் பதிலாக ஒரு குமிழ். பிலிமைச் சுற்றுவது ஒரு வேலை, ஷற்றரை இழுத்துத் தயாராக்குவது இன்னொரு வேலை. விரைவில்லை என்று இதைக் குறை சொல்கிறார்கள். குசினியில் நாள்முழுதும் விரைவாக நிற்கிறேன், இதிலும் எனக்கு விரைவு வேண்டியதில்லை. குறைகள் உண்டு. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஆள் ஒரு பக்கம் நகர்ந்தால் நாம் மற்றப் பக்கம் திருப்புவோம், பழகக் கனநாள் எடுத்தது. ஒரு மீற்றருக்குக் கிட்டப் போகமுடியாது. ஆனால் இரண்டு வருடமாக இதில் பிழைத்த ஒவ்வொரு படத்துக்கும் காரணம் சொல்ல என்னால் முடிகிறது. பெரும்பாலும் அந்தக் காரணம் நான்.

வாங்கும்போது வில்லைக் கூர்மை பற்றிய வாதங்களை விட்டுவிட்டு, காதையும் ரோர்ச் லைற்றையும் கொண்டு போங்கள். சனி, ஞாயிறு காலைகளில் வான்வ் பழைய பொருட் சந்தையிலும், ஜூன் மாதத் தொடக்கத்தில் பாரிஸுக்கு வெளியே பியேவ்ர் ஊரில் கூடும் புகைப்படச் சந்தையிலும் நான் செய்வது இதுதான். ஷற்றரை ஒரு செக்கனில் வைத்து அழுத்துங்கள். உள்ளே பற்சில்லு ஒரே சீராக இரைந்து நிற்கவேண்டும். இடையில் தயங்கினால் எண்ணெய் பிசினாகிவிட்டது. துவாரத்தை முழுதாகத் திறந்து வில்லைக்குள் வெளிச்சம் அடியுங்கள். சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சணம், பனிமூட்டம் போலத் தெரிந்தால் புகார். சில தூசிகள் ஒன்றும் செய்யாது. வயிற்றைத் திறந்து வெற்றுச்சுருள் இருக்கிறதா, அது 120 இன் சுருள்தானா என்று பாருங்கள். தோல் உரிந்திருந்தால் கவலை வேண்டாம், விலை குறைத்துக் கேட்க அது நல்ல சாட்டு.

7

வாங்குவதோடு கணக்கு முடிவதில்லை. விவியன் மேயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1926 இல் நியூயோர்க்கில் பிரெஞ்சுத் தாய்க்குப் பிறந்தவர். பெரும்பாலும் சிக்காகோவில், பணக்கார வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவர். வயிற்றோடு அணைத்த ரொலைபிளெக்ஸோடு தெருக்களில் திரிந்தார். வாடகை கட்டாத களஞ்சிய அறையிலிருந்து அவரது படங்கள் 2007 இல் ஏலத்தில் போயின. அவர் 2009 இல் இறந்துபோனார். புகழ் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் விட்டுச்சென்றவற்றில் கழுவப்படாத ரோல்களும் ஏராளம்.

இதைப் பலர் ஒரு காவியச் சோகமாக எழுதுகிறார்கள். வேலைக்காரியின் இரகசிய மேதைமை என்கிறார்கள். எனக்கு அதில் முதலில் தெரிவது கழுவுகூலி. அவரது மனதை அறிய எனக்கு வழியில்லை, ஆனால் கூலிக்கு வேலை செய்கிறவர் ஒரு ரோலை எடுப்பதும், அதைக் கழுவிப் பார்ப்பதும் இரண்டு வேறு செலவுகள். கமராவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது செலவை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

எங்கள் மொழியில் பிலிமையும் 'கழுவுவது' என்றுதான் சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல்லில் நல்ல அனுபவம் இருக்கிறது. இப்போது நானே கழுவுகிறேன். செக் நாட்டுப் போமாப் பிலிம், 1891 இலிருந்து வரும் றொடினால் என்ற திரவம் ஒன்றுக்கு ஐம்பது தண்ணீர், 20 பாகை வெப்பம், குளியலறைத் தொட்டி, சமையலறைக் கடிகாரம். கடைக்கூலி இல்லாததால் ஒரு படம் பத்து நிமிடப் பாத்திரத்திலிருந்து ஐந்தாகக் குறைந்துவிட்டது. எங்கள் வட்டாரக் கலாசார நிலையத்தில் ஒரு இருட்டறை இருக்கிறது. சிறு சந்தா கட்டினால் அங்கே அச்சிடலாம். கமரா வாங்க நினைப்பவர்கள் அதன் விலையில் பாதியை ஒதுக்கி வைத்து, முதலில் கழுவும் தாங்கியை வாங்குங்கள் என்பேன்.

8

நண்பரின் ரெலிபோனுக்கு வருகிறேன். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது எனது கமராவை வென்றுவிடும். அதில் பிழை என்பதே கிடையாது, பிழைத்தாலும் எங்களுக்குத் தெரியாமல் அதுவே திருத்திவிடும். எனது சண்டை அதோடல்ல. ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர். அகதி விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவர். பதினொரு வருடமாக ஊருக்குப் போகாதவர். ஊரில் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வந்தது. வீட்டுச் சுவரில் கொழுவக்கூடிய மாதிரித் தன்னுடைய படம் ஒன்று வேண்டும் என்றார். நான் ரெலிபோனை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"அதில எடாதை தம்பி. அது எங்கையெல்லாம் போகுமெண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன்ரை பழசில எடு."

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையிலுள்ள ஓய்வில், ரெஸ்ரோறன்றின் பின்முற்றத்தில், மரக்கறிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அவரை நிறுத்தினேன். அரசாங்கம் இங்கே எங்கள் முகத்துக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 35 க்கு 45 மி.மீ. வாய் மூடியிருக்கவேண்டும், சிரிக்கக்கூடாது. அண்ணை அந்தப் பழக்கத்தில் விறைத்துப்போய் நின்றார். நான் கமராவை வயிற்றோடு வைத்துக் குனிந்தேன். கண்ணுக்கு முன்னால் ஒன்றையும் பிடிக்காமல், தலை கவிழ்ந்து நிற்கிற ஒருவனை அவர் அதுவரை பார்த்ததில்லைப்போலும்.

"என்ன தம்பி, எனக்குக் கும்பிடு போடுறியே?" என்றார். சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். 1/50, துவாரம் 4. ஷற்றர் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. "எடன் தம்பி" என்று இன்னும் காத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை அச்சிட்ட படத்தைக் கொடுத்தபோது கனநேரம் பார்த்தார். நெற்றியில் எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு, சட்டைக் கழுத்தில் பிய்ந்த நூல், எல்லாம் இருந்தன. பிறகு, "இதின்ரை மூலம் எங்கை?" என்று கேட்டார். நெகற்றிவைக் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதைத் தவிர வேறையெங்கையும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். அது உண்மை. "அப்ப இது என்னட்டை இருக்கட்டும்" என்றார்.

சதுர நெகற்றிவ்களை மும்மூன்றாக வெட்டி உறையில் வைப்பதுதான் வழக்கம். நான் அவருடையதை மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்தேன். அதைத் தனது நிராகரிப்புக் கடிதங்கள் இருந்த பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ரோலில் என்னிடம் இருப்பது பதினொரு படங்கள்.